பரமசிவனின் முக நேரம்

கோமதிநாயகத்துக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூடச் சம்பளம் வாங்குகிறவர் மேலோ, பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கார் மேலோ வந்திருந்தால் அதில் ஒரு கௌரவமாவது இருந்திருக்கும். இவருக்கு வந்ததோ வகுப்பறை மூலையில் நின்ற ஒரு கம்பத்தின் மேல்.

ஆள் உயரக் கம்பம். உச்சியில் ஒரு திரை, அதற்குக் கீழே காமிரா, இடுப்பளவில் ஒலிபெருக்கி. பல்கலைக்கழகம் அதற்கு வைத்த பெயர் 'கல்வித்துணை'. நாலு வருஷமாகக் கல்லூரியில் பாடம் முழுவதையும் அதுதான் நடத்தியது. கம்பத்தின் முன்னால் வந்து உட்கார முடியாதவர்களுக்குக் கைப்பேசியில் பேசியது. தென்காசிச் சாலையில் இருந்த அந்தக் கல்லூரியின் பிள்ளைகளிடம் திருநெல்வேலித் தமிழிலேயே பேசியது. பதினேழாவது தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்டது மாதிரியே பதில் சொன்னது. முதல் மாதமே பிள்ளைகள் அதற்கு 'அண்ணாச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் கணிதம் நடத்திய கோமதிநாயகம் இன்னமும் வெறும் 'சார்'. அந்தக் கோபத்தில் அவர் மட்டும் அதை 'அது' என்றே சொல்லிவந்தார். வாய் தவறிக்கூட அண்ணாச்சி என்று சொன்னது கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கணிதத் துறைப் பிள்ளைகள் கம்பத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டார்கள். திரை மறையக் கூடாது என்று மாலையை இரண்டு பெண்கள் பார்த்துப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். கோமதிநாயகமும் வழக்கப்படி தன் சாக்பீஸ் டப்பாவையும் டஸ்டரையும் கொண்டுவந்து வைத்தார். பூஜை முடிந்து பார்த்தால் டப்பாவின் மேல் யாரோ பொரித் தட்டைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு பொட்டு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு வயிறு எரிந்தது. ஐம்பத்து நாலு வயதில், அதுவும் பூஜை நாளில், ஒரு டப்பாவுக்காக வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

விலங்கியல் துறை ஜெபக்கனி இதைக் கவனித்துவிட்டார். அவர் கண்ணில் எதுவும் தப்பாது.

"என்ன சார்வாள், மூஞ்சி இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு? டப்பாவுக்குப் பொட்டு வைக்கலன்னு கோவமா? குடுங்க, நான் வச்சு விடுதேன்."

"சர்ச்சுக்குப் போற ஆளு நீங்க. நீங்க வச்சாச் செல்லுமா?"

"பிள்ளைங்க வச்சாத்தான் செல்லும்னு ஏங்குதீங்க. அதச் சொல்லுங்க முதல்ல." ஜெபக்கனி ஒரு கை பொரியை அள்ளிக்கொண்டார். "கம்பத்தோட போயி யாராவது போட்டி போடுவாவளா? தவளைக்கு மூணு அறை இதயம், மூணு அறை இதயம்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு. இப்ப நிம்மதியா இருக்கேன்."

"உங்களுக்கு நிம்மதி. எனக்குத் தோத்துப்போன மாதிரி இருக்கு மேடம். பிள்ளைங்க அதுகிட்ட அப்படி என்னதான் பேசுதாங்க? அதையாவது நமக்குக் காட்டுதாங்களா பாருங்க."

"காட்ட மாட்டாங்க. ரகசியம்னு விதியிலயே இருக்கு. அதனாலதான பிள்ளைங்க மனசத் தெறந்து பேசுது." ஜெபக்கனி சிரித்தார். "உங்ககிட்ட மனசத் தெறந்தா நீங்க என்ன செய்வீங்க? இன்டெர்னல் மார்க்குல கைய வைப்பீங்க."

மனித முகத்தையே பார்க்காமல் பட்டம் வாங்கிவிட்டார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று பல்கலைக்கழகம் இன்னொரு விதியும் வைத்திருந்தது. அதற்குப் பெயர் முக நேரம். மாணவர் ஒவ்வொருவரும் மாதம் இரண்டு முறை, அரை மணி நேரம், ஓர் ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். எந்த ஆசிரியர் என்பது அவரவர் விருப்பம். ஓர் அரை மணிக்கு இரண்டு பேர் வரை வரலாம். அந்த அறையில் கம்பமோ காமிராவோ கூடாது. ஒரு கரும்பலகை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, அவ்வளவுதான். முடிந்ததும் ஆசிரியர் பதிவேட்டுத் திரையில் இரண்டு விஷயம் தட்ட வேண்டும். மாணவர் வந்தாரா? ஐயம் தீர்ந்ததா? இரண்டாவது கேள்விக்குக் கோமதிநாயகம் இதுவரை 'இல்லை' என்று தட்டியதே இல்லை. அது அவருடைய பெருமைகளில் ஒன்று.

அவருக்கு மிச்சம் இருந்த ஒரே ஆறுதல் முப்பிடாதி. கடையம் பக்கத்துப் பெண், இரண்டாம் வருஷம். அம்மா பீடி சுற்றுகிறவர். மற்ற பிள்ளைகள் இப்போதெல்லாம் முக நேரத்துக்கு வந்து, 'ஒண்ணும் டவுட் இல்ல சார்' என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முப்பிடாதி மட்டும் இன்னமும் நோட்டில் கேள்வி எழுதிக்கொண்டு வருவாள். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு மூளையைத் தான் பார்த்ததில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இந்த ஒருத்தியாவது நாளைக்குப் பெரிய ஆளாகி, 'கோமதிநாயகம் சார்தான் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது' என்று சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் அதற்கு மேல் ஆசை எதுவும் பாக்கி இல்லை.

பூஜை முடிந்த மறு வாரம் அவள் கொண்டுவந்த கேள்வி இதுதான். பாடப்புத்தகத்தில் ஒரு விசித்திரமான வளைகோடு உண்டு. அரை, கால், முக்கால் என்று பின்னமாக எழுத முடிகிற எண்கள் வருகிற இடத்தில் எல்லாம் அது உடைந்துபோகும். பின்னமாக எழுத முடியாத எண்கள் வருகிற இடத்தில் எல்லாம் உடையாமல் போகும்.

"இதத் திருப்பிப் போட முடியுமா சார்?" என்றாள் முப்பிடாதி. "பின்னத்துல மட்டும் உடையாம, மத்த எல்லா இடத்துலயும் உடையுத மாதிரி?"

முடியாது என்று அவருக்குத் தெரியும். ஏன் முடியாது என்பதை எப்போதோ எம்.எஸ்.சி.யில் படித்தது. நிரூபணம் எப்படித் தொடங்கும் என்று ஞாபகமே வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, 'வா பாப்போம்' என்று பலகைக்குப் போயிருப்பார். இப்போது போக முடியவில்லை. அந்தக் கம்பம் ஒரு நொடியில் சொல்வதைத் தான் முழித்து முழித்துச் சொன்னால் இந்தப் பெண் என்ன நினைப்பாள்? அந்த நினைப்பு அவர் கையைப் பிடித்து நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்தது.

"அதுகிட்ட கேட்டியா?"

"கேட்டேன் சார். நாலே வரியில சொல்லிருச்சு. ஒவ்வொரு வரியும் புரியுது. ஆனா அந்த மொத வரி இருக்குல்லா சார், அது எங்க இருந்து வந்துச்சுன்னுதான்..."

"அதான் சொல்லிருச்சுல்லா? பின்ன எதுக்கு இங்க வந்து கேக்க? இது சிலபஸ்லயே கிடையாது. இன்னும் சந்தேகம்னா அதுகிட்டயே போயிக் கேளு."

முப்பிடாதி நோட்டை மூடிக்கொண்டு போனாள். கோமதிநாயகம் 'ஐயம் தீர்ந்தது' என்று தட்டினார்.

அன்றைக்கு மத்தியானமே அவர் ஒரு திருட்டு வேலை செய்தார். வகுப்பு ஆலோசகர் என்ற முறையில் பிள்ளைகளின் கடவுச்சொல் சீட்டுகள் அவருடைய மேஜை இழுப்பறையில் கிடந்தன. அதில் பரமசிவன் என்று ஒருவனின் சீட்டு இருந்தது. அவன் சேர்ந்த மூன்றாம் மாதமே கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டான். பெயரை யாரும் நீக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் துறை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோமதிநாயகம் கணினியில் பரமசிவனாக உள்ளே நுழைந்தார்.

"வாங்க தம்பி, ரொம்ப நாளாச்சு," என்று திரையில் எழுத்து வந்தது. "என்ன படிக்கணும்?"

தம்பி! அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கேட்டது கற்றுக்கொள்ள இல்லை, அதை மடக்கத்தான். எதில் பிள்ளைகள் வழுக்குவார்கள் என்று அவருக்குத் தெரியுமோ அதிலிருந்து ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் சரியான பதில் வந்தது. மூன்றாவது பதில் அவர் அந்த நாளில் வகுப்பில் சொல்லிவந்ததைவிட அழகாகவே இருந்தது. அது இன்னும் எரிச்சல். கடைசியில் முப்பிடாதியின் கேள்வியைக் கேட்டு, அந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

எழுதியதை ஒரு வாரம் மனப்பாடம் செய்தார். ஸ்கூட்டரில் போகும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, பல் விளக்கும்போது எல்லாம் அதே நாலு வரி. அடுத்த முறை முப்பிடாதி வேறு ஏதோ கேட்க வந்தவளைக் கையமர்த்திவிட்டு, "உன் பழைய கேள்வி ஒண்ணு இருக்குல்லா," என்று எழுந்தார். பலகையில் ஒரு திக்கல் இல்லாமல், ஓர் அழித்தல் இல்லாமல் நாலு வரியையும் எழுதி முடித்தார். ஆறு நிமிடம். சாக்பீஸைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்," என்று முப்பிடாதி தலையாட்டினாள்.

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தலையாட்டல் பார்த்திருப்பார். புரிந்து ஆட்டுகிற தலை எது, ஆளை விட்டால் போதும் என்று ஆட்டுகிற தலை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். இது இரண்டாவது வகை என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஜெயித்த சந்தோஷத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு முப்பிடாதி வரவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபக்கனி அலுவலகத்திலிருந்து நேராக அவர் மேஜைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்க முப்பிடாதி டி.சி. கேட்டு எழுதிக் குடுத்திருக்கா. தெரியுமா?"

"எந்த முப்பிடாதி?" என்றார் கோமதிநாயகம், கல்லூரியில் பத்து முப்பிடாதி இருப்பது மாதிரி.

"தூத்துக்குடியில ஏதோ ஆறு மாச டிரோன் டிரெய்னிங்காம். முடிச்சதும் வேலையாம். ஏம்மா இப்படிப் பண்ணுதன்னு கேட்டேன். 'எனக்குக் கணக்கு வராது மேடம், நான் மக்கு'ன்னு சொல்லுதா. பிரின்ஸிபால் வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுருவாவ. ஆபீஸ் நாலரைக்குப் பூட்டுறதுக்குள்ள அவளா வந்து திரும்ப வாங்கினாத்தான் உண்டு."

"மக்கா? அவளா?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தக் கம்பம்தான் மேடம் இப்படிப் பண்ணியிருக்கும். எல்லாத்துக்கும் ஒரு நொடியில பதில் சொல்லிச் சொல்லியே பிள்ளைய ஒண்ணுமில்லாம ஆக்கிருச்சு."

"ஆக்கியிருக்கும். நீங்க என்ன பண்ணினீங்க?"

ஜெபக்கனி போனதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு பரமசிவனாக நுழைந்தார். இந்த முறை சண்டை போடத்தான் நுழைந்தார். ஆனால் தட்டத் தொடங்கியதும் விரல் வேறு ஒன்றைத் தட்டியது.

"அந்தத் திருப்பிப் போடுத கேள்வி. அதுல மொத வரி எப்படித் தோணும்?"

"நல்லாக் கேட்டீங்க தம்பி," என்றது திரை. "நாலு வரியும் என்னால விளக்க முடியும். எப்படித் தோணும்னு காட்ட என்னால முடியாது."

"ஏன்? உனக்குத் தெரியாதது இருக்கா?"

"எனக்கு ஒண்ணு தெரியும், இல்ல தெரியாது. தெரியாம நின்னு முழிக்கிறது, தப்பாப் போயித் திரும்பி வாரது, அதெல்லாம் நான் பண்ணுறதில்ல. பண்ணுத மாதிரி நடிச்சுக் காட்டலாம். ஆனா நடிப்புன்னு நீங்க கண்டுபிடிச்சிருவீங்க. என்கிட்டயே படிக்கிற பிள்ளைங்களுக்கு இதுல ஒரு கஷ்டம் இருக்கு. நான் முழிக்கிறதே இல்லங்கிறதால, முழிக்கிறது தன்னோட மட்டும் குறைன்னு நெனச்சுக்கிடுதாங்க."

கோமதிநாயகம் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். 'நான் மக்கு' என்று முப்பிடாதி சொன்னது காதில் கேட்டது.

"அப்ப யாருட்டப் போகணும்?"

"கோமதிநாயகம் சார்ட்ட போங்க."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "அவர் ஏசுவார்."

"ஏசலாம். ஆனா எனக்குக் குடுத்த பழைய வகுப்புப் பதிவுகள்ல அவரோடது ஒண்ணு இருக்கு. ஒரு கணக்குல நாப்பத்தொரு நிமிஷம் பலகை முன்னாடியே நின்னாரு. மூணு தடவ அழிச்சாரு. மணி அடிச்சிருச்சு, விடை வரல. 'நாளைக்குப் பாப்போம்டே'ன்னு சிரிச்சிட்டுப் போனாரு. மறுநாள் வந்து தப்பு எங்கன்னு அவரே காட்டினாரு. அந்த வகுப்புல இருந்த பிள்ளைங்க அந்தக் கணக்க அதுக்கப்புறம் தப்பாப் போட்டதே இல்ல. என்கிட்ட இருக்கிற வேற எந்தப் பதிவுலயும் அப்படி ஒண்ணு இல்ல. அதனால இந்த மாதிரிக் கேள்வியோட யார் வந்தாலும் நான் அவர்ட்டதான் அனுப்புதேன்."

"எத்தனை பேரை அனுப்புன?"

"அது ரகசியம் தம்பி. நிறைய."

கோமதிநாயகம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். இந்த வருஷம் முக நேரத்துக்கு நோட்டும் கையுமாக வந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. 'மொத வரி எப்படி சார்' என்று அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு விதத்தில் கேட்டிருந்தார்கள். எல்லோரிடமும் அவர், 'அதுகிட்டயே போயிக் கேளு' என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது இவரிடம் அனுப்ப, இவர் அதனிடம் அனுப்ப, பிள்ளைகள் நடுவில் நடந்து நடந்து கால் வலித்து மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பொறாமைப்பட்டது அவர். மக்கானது முப்பிடாதி.

திரையில் அடுத்த வரி வந்து காத்திருந்தது. "வியாழன் மூணு மணிக்குச் சார்ட்ட ஒரு இடம் இருக்கு. பதியட்டுமா தம்பி?"

ஏதோ நினைப்பில் அவர் 'சரி' என்று தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் உறைத்தது. தன் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். வியாழன், மூன்று மணி, பரமசிவன். கத்தாரில் இருக்கிறவனுக்குத் தென்காசிச் சாலையில் முக நேரம்! ரத்து செய்யலாம் என்றால் மாணவர்தான் காரணம் எழுத வேண்டும். அலுவலகத்தில் யாராவது பார்த்தால் மானம் போகும். 'வரவில்லை' என்று தட்டி முடித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டார்.

புதன்கிழமை அவர் முப்பிடாதியைக் கல்லூரி முழுக்கத் தேடினார். வகுப்பில் இல்லை, நூலகத்தில் இல்லை. தோழியிடம் கேட்டதற்கு, "அவ இனிமே வர மாட்டா சார்," என்றாள் அந்தப் பெண், அவர் முகத்தைப் பார்க்காமலே.

வியாழன் மூன்று மணிக்கு அவர் முக நேர அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பதிவேட்டுத் திரையில் 'வரவில்லை' என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்திருந்தார். கதவு திறந்தது. முப்பிடாதி நின்றாள். தோளில் பை, கையில் நோட்டு இல்லை.

"வரலாமா சார்?"

"வாம்மா, வா. உக்காரு." அவர் பதிவேட்டுத் திரையிலிருந்து விரலை எடுத்தார். "நீ... செவ்வாக்கிழமை பாத்தப்ப உன் பேரு பதிவுல இல்லையே?"

"இன்னைக்குக் காலையிலதான் பதிஞ்சேன் சார். ரெண்டு பேரு வரலாம்லா." அவள் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். "பதிவுல பரமசிவன்னு ஒருத்தர் பேரு இருந்துச்சே சார்? இன்னும் வரலையா?"

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளே தொடர்ந்தாள்.

"அண்ணாச்சிட்டப் போயிட்டு வாரேன்னு சொல்லப் போனேன் சார். அதுதான் சொல்லுச்சு. உன்ன மாதிரியே ஒருத்தர் அதே மொத வரியில நின்னு முழிக்காவ, வியாழன் மூணு மணிக்கு சார்ட்ட வாராவ, நீயும் போயேன்னு. எத்தன வாரமா முழிக்காவன்னு கேட்டேன். வாரக்கணக்கு இல்ல, அவுக இந்தப் பாடத்துல பல வருஷமா இருக்காவன்னு சொல்லுச்சு." முதல் தடவையாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பயங்கர அரியர் கேஸ் போலன்னு நெனச்சேன் சார். நான் ஒருத்திதான் மக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். போறதுக்கு முன்னாடி அவுகள ஒருக்காப் பாத்துட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன்."

மேஜை மேல் பதிவேடு திறந்தே கிடந்தது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 'வரவில்லை' என்று ஒரு தட்டு. பிறகு பலகைக்குப் போய் அந்த நாலு வரியைச் சுத்தமாக எழுதினால் தீர்ந்தது. அவள் தலையாட்டுவாள். தூத்துக்குடிக்குப் பஸ் ஏறுவாள். கோமதிநாயகம் சாருக்கு எல்லாம் தெரியும் என்ற பெயர் மட்டும் கல்லூரியில் பத்திரமாக இருக்கும்.

அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். மாணவர்களுக்கான இரண்டாவது நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பரமசிவன் வந்தாச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

"நான்தாம்மா. அந்தப் பையன் வெளிநாடு போயிட்டான். அவன் பேருல நான் போயி அதுகிட்ட பேசுனேன். மொதல்ல அதை மடக்கலாம்னு போனேன். மடங்கல. அன்னைக்கு ஆறு நிமிஷத்துல எழுதிக் காட்டினேன்லா, அது அதுகிட்ட இருந்து எழுதிக்கிட்டு வந்து மனப்பாடம் பண்ணுனது. ஒரு வாரம் உருப்போட்டேன். அந்த மொத வரி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது."

முப்பிடாதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காது இரண்டும் சுட்டன. சிரிப்பாளோ, எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

"எதுக்கு சார் அப்படிப் பண்ணுனீங்க?" என்றாள் கடைசியில்.

"பொறாமை," என்றார் அவர். வேறு சொல் கிடைக்கவில்லை. "அதுக்கு மாலை போட்டீங்க. என் டப்பா மேல பொரித் தட்ட வச்சீங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "தட்டு வச்சது நான்தான் சார். எடம் இல்லன்னு வச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் சாக்பீஸை எடுத்தார். "அந்த நாலு வரிய மறந்துரு. இல்லவே இல்லன்னு வச்சுக்கோ. முடியாதுன்னு எவனோ சொல்லுதான், நாம முடியும்னு காட்டுவோம். வா."

பலகையில் ஒரு கோடு போட்டு அரையைக் குறித்தார். அங்கே வளைகோடு உடையாமல் போக ஏற்பாடு செய்தார். பிறகு மூன்றில் ஒன்று. பிறகு கால். பதினைந்து நிமிடத்தில் பலகை நிறைந்தது, ஒன்றும் சரிவரவில்லை. அழித்தார். வேறு மாதிரித் தொடங்கினார். அதுவும் நடுவில் நின்றது. நாலு வருஷத்துக்குப் பிறகு ஒருவர் பார்க்க, விடை தெரியாமல் நிற்கிறார். முதலில் முதுகு கூசியது. கொஞ்ச நேரத்தில் முதுகை மறந்துவிட்டார்.

"சார், நில்லுங்க." முப்பிடாதி எப்போது எழுந்து வந்தாள் என்று அவர் கவனிக்கவில்லை. "அரைக்குப் பக்கத்துல கோட்ட அடக்கி வைக்கீங்கல்லா. அப்படி அடக்குனா அரை மட்டும் அடங்க மாட்டேங்கு. சுத்தி இருக்கிறதும் சேந்து அடங்குது. எல்லாப் பின்னத்துக்கும் இப்படியே பண்ணிக்கிட்டே போனா, நாம உடையணும்னு நெனக்கிறதுல கொஞ்சம் பேரு உடையாமத் தப்பிச்சிருவாங்களே?"

கோமதிநாயகத்தின் கை அப்படியே நின்றது. அந்த முதல் வரி இங்கேதான் பிறந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் இதே மாதிரி அடக்கி அடக்கிப் பார்த்து, அடங்காமல் எரிச்சல் பட்டு, அந்த எரிச்சலையே முதல் வரியாக எழுதியிருக்கிறார். மனப்பாடம் செய்த ஒரு வாரத்தில் தனக்கு இது தோன்றவில்லை. இந்தப் பெண்ணுக்குத் தோன்றிவிட்டது. ஒரு நொடி முப்பிடாதியின் மேலேயே அவருக்குப் பொறாமை வந்தது. இந்தப் பொறாமை வயிற்றை எரிக்கவில்லை என்பதைக் கவனித்து ஆச்சரியப்பட்டார்.

"கொஞ்சம் பேரு தப்பிச்சா போதுமா? ஒருத்தராவது கட்டாயம் தப்பிப்பாருன்னு எப்படிச் சொல்லுவ?"

"அதுதான் சார் தெரியல," என்றாள் முப்பிடாதி. சொன்னபோது அவள் முகத்தில் வெட்கம் இல்லை.

மணி அடித்தது. அரை மணி எப்போதோ தாண்டி, நாலேகால் ஆகியிருந்தது. நல்ல வேளையாக அடுத்து யாரும் பதிந்திருக்கவில்லை. கோமதிநாயகம் பதிவேட்டை இழுத்தார். பரமசிவன், வந்தார். முப்பிடாதி, வந்தார். ஐயம் தீர்ந்ததா என்ற கேள்விக்கு, இருவர் பெயரிலும் 'இல்லை' என்று தட்டினார்.

முப்பிடாதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆபீஸ் நாலரைக்குப் பூட்டிருவாங்கல்லா சார்?"

"ஆமா."

"அப்ப நான் ஓடுதேன்," என்று சொல்லிவிட்டு உண்மையாகவே ஓடினாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் அலுவலகப் பக்கம் திரும்பும் வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

துறை அறைக்கு வந்து, கடைசித் தடவையாகப் பரமசிவனாக நுழைந்தார். இந்தப் பெயரை நீக்கச் சொல்லி நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திரையில் ஏற்கெனவே ஒரு வரி காத்திருந்தது.

"எப்படி இருந்துச்சு, சார்?"

தம்பி இல்லை. சார்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று தட்டினார்.

"மொத நாள்ல இருந்தே. பிள்ளைங்க தெரியாததக் கேப்பாங்க. நீங்க மொதல்ல கேட்ட அஞ்சும் உங்களுக்குத் தெரிஞ்சது. இந்தச் செவ்வாக்கிழமைதான் மொத தடவையாத் தெரிஞ்சுக்கணும்னு ஒண்ணக் கேட்டீங்க. அதனாலதான் பதியட்டுமான்னு கேட்டேன்."

கோமதிநாயகம் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். ஜன்னல் வழியே எதிர் வகுப்பறையில் கம்பம் தெரிந்தது. செவ்வந்தி மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வரி வந்தது.

"அந்த அறையில காமிரா கிடையாது. உள்ள என்ன நடக்குன்னு எனக்குத் தெரிய வழியே இல்ல. பிள்ளைங்களும் திரும்பி வந்து சொல்லுறதில்ல. இன்னைக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்களேன் சார்."

கேள்வியில் ஓர் ஏக்கம் இருப்பதாக அவருக்குப் பட்டது. அவருக்கு மட்டும் பட்டதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஏக்கம் எப்படி இருக்கும் என்று நாலு வருஷம் அனுபவித்த மனுஷர் அவர். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லலாம் என்று விரலைக் கொண்டுபோனார். பிறகு மனதை மாற்றிக்கொண்டார்.

"அதுக்கெல்லாம் நேர்ல வரணும் அண்ணாச்சி," என்று தட்டிவிட்டு, திரையை அணைத்து, சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.